மாமன் அடுப்பு

டமார் என்று ஒரு சத்தம். எங்கோ கோயில் வெடி போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த நொடி என் முகத்தில் சூடாக ஏதோ வந்து அப்பியது. வழித்துப் பார்த்தால் பொங்கல் சோறு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், அடுப்பில் பானை இல்லை. பானை என்ன, அடுப்பே இல்லை. எதிரில் குந்தி விறகு தள்ளிக்கொண்டிருந்த என் அண்ணன் ஏழுமலை மல்லாந்து கிடந்தார். பானையின் கழுத்து மட்டும், கட்டிய மஞ்சள் கொத்தோடு, அவர் மார்பில் மாலை போட்டதுபோல் கிடந்தது.

சிரிப்பு வந்திருக்க வேண்டிய காட்சி. வரவில்லை. ஏனென்றால் அண்ணனுக்குப் பக்கத்தில் என் மகள் கயல்விழி நின்றிருந்தாள். இடது புருவத்துக்கு மேலிருந்து ரத்தம் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக் குலசாமிக்குப் பெண் வீட்டார் போய்ப் பொங்கல் வைக்க வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தோம். செஞ்சிக்கு அப்பால், பாறை மலையின் அடிவாரத்தில் ஒரு சிற்றூர். பொங்குவதற்கு முன்பே பானை உடைந்துவிட்டது. மணப்பெண் முகத்தில் ரத்தம். இதைவிடப் பெரிய அபசகுனத்தை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

எங்களோடு வேனில் வந்த சொந்தக்காரப் பெண்களில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் சும்மா இருக்கும் ரகமில்லை.

கல் இல்லாத ஊர்

நான் பிறந்தது பாகூர் பக்கம். வாழ்க்கைப்பட்டது வில்லியனூர் பக்கம், சங்கராபரணி ஆற்றங்கரை. பிறந்த ஊருக்கும் புகுந்த ஊருக்கும் ஒரு பொருத்தம் உண்டு. இரண்டு ஊர் மண்ணிலும் கல் கிடையாது.

நாய் துரத்தினால் குனிந்து எடுக்க மண்கட்டிதான் கிடைக்கும். அது நாய்க்கும் தெரியும். அதனால் எங்கள் ஊர் நாய்கள் குனிந்தால் ஓடாது. நின்று வேடிக்கை பார்க்கும்.

வீட்டில் இருந்த கல் என்றால் அம்மியும் ஆட்டுக்கல்லும் மட்டும்தான். இரண்டும் யாரோ வண்டியில் ஏற்றிவந்து விற்றவை. ஊரில் பழைய சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. அத்தனையும் கருங்கல். வெயில் காலத்தில் அதன் தூணில் கன்னத்தை வைத்து நிற்பேன். ஜில்லென்று இருக்கும். இவ்வளவு கல் எங்கிருந்து வந்தது என்று அப்பாவைக் கேட்டேன். "ராஜா கொண்டாந்தான்" என்றார். ராஜாவுக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "கூலிக்காரங்க நிக்கிறாங்க, ஓடு" என்று விரட்டிவிட்டார்.

ஆக, எனக்குக் கல் என்றால் ஒரு பொருள். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கிற சாமான். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

எங்கள் மண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் போனபோது ஆற்றோரம்தான் புதைத்தோம். மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. குழி வெட்டியவர்கள் வியர்க்கக்கூட இல்லை. மேட்டைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, தலைமாட்டில் ஒரு செம்பருத்தி நட்டேன். அந்த வருடக் கடைசியில் ஆற்றில் வெள்ளம். வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். செங்கல் இல்லை, செடி இல்லை, மேடு இல்லை. எல்லா இடமும் ஒன்றுபோலப் புது வண்டல், மொழுமொழுவென்று. இங்கேதானா, அங்கேயா என்று நடந்து நடந்து பார்த்துவிட்டு, குத்துமதிப்பாக ஓர் இடத்தில் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தேன். வழியெல்லாம் அழுதேன்.

எங்கள் மண் எதையும் வைத்துக்கொள்ளாது. நல்லதையும் கெட்டதையும் சேர்த்து மூடிவிடும்.

அடுக்கினது யார்?

கயல் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அங்கே லேப்பில் வேலை பார்த்த பிரபு என்ற பையனைப் பிடித்திருக்கிறது என்று ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே சொன்னாள். பையனுக்குச் செஞ்சியில் நல்ல வேலை கிடைத்திருக்கிறதாம். கல்யாணத்துக்குப் பிறகு அவன் சொந்த ஊரில் அம்மாவோடுதான் குடித்தனமாம். நான் ஜாதகம் கேட்கவில்லை. "அங்க தண்ணி இருக்குதாடி?" என்றுதான் கேட்டேன். அப்பா இல்லாத பெண். போகிற இடத்தில் கஷ்டப்படக் கூடாது என்பது ஒன்றுதான் என் மனதில் ஓடியது.

மாப்பிள்ளை வீடு பார்க்க அண்ணனும் நானும் போனோம். வழி காட்டப் பிரபுவும் காரில் வந்தான். திண்டிவனம் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு கார் கண்ணாடி வழியே பார்த்தவள் வாயைப் பிளந்தவள்தான், மூடவில்லை.

மலை என்றால் பச்சையாக மரம் இருக்கும், மேலே மேகம் இருக்கும் என்று காலண்டர் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே மலை முழுவதும் கல். வீடு அளவு கல்மேல் யானை அளவு கல், அதன்மேல் இன்னொன்று, இப்போ விழும் அப்போ விழும் என்று நிற்கிறது. இன்னொரு பக்கம், ஒரு துண்டுகூட இல்லாமல், வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு மொட்டையாக ஒரே பாறை. அதில் கருப்புக் கருப்பாகக் கோடு, மழைத்தண்ணீர் இறங்கிய வழி.

ஏழுமலை என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு மலைகூட ஏறாதவர் என் அண்ணன். "யாருப்பா இத்தயெல்லாம் அடுக்கினது?" என்று பிரபுவைக் கேட்டார்.

"யாரும் அடுக்கல மாமா. ஒரு காலத்துல இது எல்லாமே ஒரே பாறையா மண்ணுக்குள்ள இருந்துச்சு. வெடிப்பு வழியா தண்ணி எறங்கி, ஓரமெல்லாம் மக்கி, மழையில அடிச்சிக்கினு போயிடுச்சு. மக்காத நடு கல்லு மட்டும் நிக்குது."

"அடிச்சிக்கினு எங்க போச்சு?"

"ஆத்துல தான். இங்க இருந்து தான உங்க வில்லியனூருக்கு ஆறு வருது?"

"அப்போ எங்க வூட்டு சுவுத்துல பூசியிருக்கிற மணலு?"

"எங்க மலை தான் மாமா."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பொண்ணு எடுக்கறதுக்கு முன்னாடியே சீர் அனுப்பிட்டோம்னு சொல்றான் பாரு பாப்பா" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

எனக்குச் சிரிப்புக்கு நடுவே தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் இந்தக் கற்கள் எங்கிருந்தும் வரவில்லை. யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சுற்றியிருந்தது எல்லாம் போய்விட்டது. புருஷன் போய், மாமியார் போய், கடைசியில் மகளையும் அனுப்பப் போகிற எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

குலசாமி இருக்கிற பாறைக்குப் போகும் வழியில், சரிவில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. தொந்தியும் தொப்பையுமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்திய ஆள்போல. அதற்குக் கீழேதான் பாதை. அந்த ஊரில் கல்லுக்குக் கல் பெயர் வைத்திருந்தார்கள். ஒன்று மாவாட்டுறவ, ஒன்று ஒட்டகம், ஒன்று கொழுக்கட்டை.

"இதுக்கு இன்னா பேரு?" என்று அண்ணன் கேட்டார்.

"இதுக்கு மட்டும் பேரு இல்ல மாமா" என்றான் பிரபு.

"பேரு கூட வெக்காத கல்லு, எப்ப உருளுமோ?" என்று சொல்லிவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தை மட்டும் ஓடிக் கடந்தார் அண்ணன். அறுபது வயது மனிதர்.

சாண் மண்

பிரபுவின் அம்மா அஞ்சலை. ஒல்லியான, வெடுக்கென்று பேசுகிற பெண்மணி. அவரும் என்னைப்போலப் புருஷனை இழந்தவர்தான். வீட்டுக்குப் பின்னால் பாறைமேல் வேர்க்கடலை காயப் போட்டிருந்தார். நெல் அடிப்பது, மிளகாய் உலர்த்துவது, பிள்ளைகள் விளையாடுவது எல்லாம் பாறைமேல்தான். நாங்கள் பாயில் உட்காருவதுபோல் அவர் பாறையில் உட்கார்ந்து பேசினார்.

தோட்டத்து மண்ணைக் கால் விரலால் கிளறிப் பார்த்தேன். ஒரு சாண்கூட இல்லை, விரலில் பாறை இடித்தது. இவ்வளவு மண்ணில் என்ன வேர் பிடிக்கும்? என் மகள் இங்கே எப்படி வேர் பிடிப்பாள்? கிணற்றை எட்டிப் பார்த்தேன். வெடி வைத்துப் பிளந்த சதுரப் பள்ளம். நாலு பக்கமும் கல். அடியில் பச்சையாகத் தண்ணீர். இருந்தது, அதுவரை நிம்மதி.

வெயில் தாழ்ந்த நேரம், மலைப்பக்கம் படீர் படீர் என்று சத்தம். நான் பயந்து எழுந்துவிட்டேன்.

"ஒன்னும் இல்ல அண்ணி" என்றார் அஞ்சலை. "பகல் பூரா காஞ்சிக்கினு இருந்துச்சு இல்ல. சோம்பல் முறிக்குது."

மலை சோம்பல் முறிக்கிற ஊரில் மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிறோமே என்று அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

மலைக்குச் செங்கல்

எங்கள் வழக்கத்தில் பெண்ணின் தாய்மாமன்தான் அடுப்புக் கூட்டி முதல் விறகு வைக்க வேண்டும். அண்ணன் இந்த மாதிரிக் காரியங்களில் ரொம்பக் கறார். வில்லியனூர்க் குயவரிடம் சொல்லிப் புதுப் பானை வாங்கினார். வைரம் பாய்ந்த சவுக்கு விறகு கட்டிக்கொண்டார். அடுப்புக்கு மூன்று செங்கலையும் கோணியில் போட்டு வேனில் ஏற்றினார். கருங்கல் மலைக்குச் செங்கல் சுமந்துபோன ஒரே ஆள் என் அண்ணனாகத்தான் இருக்கும்.

"அங்க கல்லு கெடைக்காதாண்ணா?" என்றேன்.

"அது எந்தச் சாமி கல்லோ, எவன் கண்டான்? நம்ம அடுப்பு நம்ம கல்லுல தான் எரியணும்" என்றார்.

ஒன்பது மணிக்கு வாருங்கள் என்றார்கள். அண்ணன் ஏழு மணிக்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. நாங்களே பாறை ஏறினோம். மேலே ஒரு சூலம் நட்டு, அதன் அடியில் மஞ்சள் பூசிய ஒரு சின்னக் கல். வேப்பிலை செருகியிருந்தது. பாறையம்மன் என்று பெயர். சுற்றிலும் வழவழவென்று பெரிய மொட்டைப் பாறை.

"களம் மாதிரி எவ்ளோ சுத்தமா இருக்குது பாரு" என்று அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். சூலத்துக்கு எதிரே, கிழக்கு பார்த்து இடம் தேர்ந்தெடுத்தார். கயல் அந்த இடத்தில் நடந்தபோது காலடியில் டொப் டொப் என்று சத்தம் வந்தது, காலிப் பானையைத் தட்டினால் வருமே, அப்படி. "இன்னா மாமா, அடியில காலியா இருக்குது?" என்றாள். "சாமி பாறைம்மா, அப்பிடித் தான் பேசும்" என்றார் அண்ணன்.

மண்ணிலேயே அடுப்பு மூட்டிப் பழகியவர்கள் நாங்கள். பாறைக்கும் சூடு உறைக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னது? சவுக்கு விறகு நின்று எரிந்தது. இடையிடையே டிக், டிக் என்றது. விறகு வெடிக்கிறது என்றார் அண்ணன். பால் நுரைத்து, அரிசி வெந்து, இதோ பொங்கப் போகிறது, குலவை போடுவோம் என்று எல்லோரும் வாயைக் குவித்த நேரம்.

டமார்.

முதுகு

வெடித்தது விறகு அல்ல. அடுப்புக்கு அடியில் இருந்த பாறை. தட்டு அளவுக்கு ஒரு தகடு எழும்பி, செங்கலைப் புரட்டி, பானையைத் தூக்கி அடித்துவிட்டது. அதில் தெறித்த சில்லு ஒன்றுதான் கயலின் நெற்றியைக் கீறியது.

அண்ணனை எழுப்பி உட்காரவைத்தோம். முன்கையில் சூடு பட்டிருந்தது. கண் பிழைத்ததே என்று கயலின் முகத்தை என் முந்தானையால் அழுத்திப் பிடித்தேன். அப்போது கீழேயிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஓடிவந்தார்கள். முன்னால் அஞ்சலை.

வந்தவர் என் மகளைப் பார்க்கவில்லை. ரத்தத்தைப் பார்க்கவில்லை. சிதறிக்கிடந்த நெருப்பையும், பெயர்ந்துபோன பாறையையும் பார்த்தார். இரண்டு கையாலும் வயிற்றில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, இன்னாண்ணா பண்ணீங்க! எங்கம்மா முதுவுல அடுப்ப மூட்டிட்டீங்களே!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இங்கே என் பிள்ளைக்கு ரத்தம் வழிகிறது, இந்த அம்மா கல்லுக்கு அழுகிறது!

அண்ணன் எழுந்து நின்றார். "சாமி அங்க தான இருக்குது?" என்று சூலத்தைக் காட்டினார்.

"அது சூலம் நட்ட எடம். சாமி இது" என்று அஞ்சலை கையை அகல விரித்தார். "நீங்க நிக்கிறது. இந்தப் பாறை பூராவும் அவ தான்!"

அண்ணன் சட்டென்று ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். எங்கே பார்த்தாலும் பாறை. எல்லாமே சாமி. ஒற்றைக் காலில் நின்றபடி அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி ஒரு பீதியை நான் அவர் முகத்தில் கண்டதில்லை.

அவர்கள் பொங்கல் வைப்பது கீழே, புளியமரத்தடி மண்ணிலாம். யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சாமிமேல் அடுப்பு மூட்டாதே என்று யாராவது சொல்லிவிடுவார்களா? அவர்களுக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். எங்களுக்கோ, கல் என்றால் நட்டுவைத்த கல்தான். தரையே சாமியாக இருக்கும் என்று தோன்றவே இல்லை.

பிரபுதான் நிதானமாக இருந்தான். "பாறை தோல் தோலா இருக்கும் மாமா. மேல் தோல்ல சூடு ஏறுனா விரியும், அடித்தோலு விரியாது. அதான் எழும்பிக்கினு வெடிச்சிடுச்சு. அந்தக் காலத்துல நெருப்பு போட்டுத் தான் கல் பலகையே எடுப்பாங்க. இது சாமி குத்தம் இல்ல" என்றான்.

யார் காதிலும் அது ஏறவில்லை. எங்கள் பெண்களுக்கு இப்போதுதான் வாய் வந்தது. "பானை ஒடஞ்சா இன்னா அர்த்தம்னு தெரியாதா? பேசாம வேன்ல ஏறு" என்று என் காதில் ஓதினார்கள்.

ஆறாது

பெயர்ந்த இடத்தை அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். அதிர்ந்து போனேன். வெளியே அவ்வளவு கருப்பாக, சொரசொரப்பாக இருந்த பாறைக்கு உள்ளே இளஞ்சிவப்பு. அப்போதுதான் பிறந்த குழந்தையின் உள்ளங்கால் நிறம். நடுநடுவே மின்னியது.

அஞ்சலையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாகக் கும்பிட்ட சாமியின் உள்பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. மெல்ல மண்டியிட்டு ஒரு விரலால் தொட்டார். சூடு சுட்டிருக்க வேண்டும். விரலை எடுக்கவில்லை.

"உள்ள இப்பிடியா இருக்கிற நீ?" என்று பாறையிடம் கேட்டார். பிறகு அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். கோபம் போயிருந்தது. அதற்குப் பதில் வேறு ஏதோ இருந்தது.

"அண்ணி, பொண்ணு வேணாம்னு நான் சொல்லல. ஆனா ஒன்னு ரோசனை பண்ணிக்குங்க. உங்க ஊர்ல பள்ளம் விழுந்தா ஒரு மழையில மூடிக்கும். இது மூடாது. ஆறாது. நான் செத்து, எம் புள்ள செத்து, அவன் பேரப்புள்ள வந்தாலும் இந்தக் காயம் இப்பிடியே தான் இருக்கும். உங்க பொண்ணு வூட்டு வாசல்ல நின்னா இந்தப் பாறை தெரியும். ஆடிக்கு ஆடி ஊரே வந்து நின்னு பாக்கும். இன்னாரு வூட்டு மருமவ வந்தப்ப ஆனதுன்னு சொல்லும். அவ தாங்குவாளா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. மிரட்டலும் இல்லை. என் கணவரின் மேட்டை ஒரே வெள்ளத்தில் அழித்துவிட்டது எங்கள் மண். அரை மணி நேரம் எரிந்த ஓர் அடுப்பை இந்த மண் என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளப் போகிறது. என் பிள்ளை அதன் முன்னால் தினம் தினம் வாசல் பெருக்க வேண்டும்.

"வாடி, போவலாம்" என்று கயலின் கையைப் பிடித்தேன்.

அவள் வரவில்லை. "கைய விடும்மா" என்றாள். நர்ஸ் இல்லையா, என் முந்தானையை ஒதுக்கிவிட்டுத் தன் கைக்குட்டையால் காயத்தைத் தானே அழுத்திக்கொண்டாள். செருப்பில்லாத காலோடு, சிந்திய சோற்றைத் தாண்டி, அஞ்சலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தாங்குவேன் அத்த" என்றாள். "இப்போ இன்னா பண்ணணும், சொல்லுங்க."

அஞ்சலை கொண்டுவந்த கூடையிலிருந்து மஞ்சள் தூளை எடுத்து, உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்தார். காயத்துக்கு மஞ்சள் பூசப் போகிறார் என்று புரிந்தது, பாறையின் காயத்துக்கு. கை பாறைக்கிட்டே போனது. அப்போதுதான் கைக்குட்டையிலிருந்து சொட்டிய ரத்தம் ஒரு துளி அந்தச் சிவப்புப் பாறையில் விழுந்தது. அவர் நிமிர்ந்து என் மகளைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தார்.

"மொதல்ல உனக்கு" என்று அவள் நெற்றியில் மஞ்சளை அப்பினார். "அவளுக்கு இன்னா அவசரம்? அவ எங்கியும் போவ மாட்டா."

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடமும் சாமிதான். அதைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

கீழே இறங்கிப் புளியமரத்தடியில் வேறு பானையில் பொங்கல் வைத்தோம். அண்ணன் கை வெந்திருந்தாலும் அவர்தான் முதல் விறகு வைத்தார். வைப்பதற்கு முன் மண்ணைத் தோண்டித் தோண்டிப் பார்த்து, "இது மண்ணு தானே? நல்லாத் தெரியுமா?" என்று மூன்று பேரிடம் கேட்டுக்கொண்டார்.

பூக்காரி சொன்னது

கல்யாணம் வில்லியனூரில் நல்லபடியாக நடந்தது. கயலின் நெற்றிக் காயம் தாலி ஏறும்போதே ஆறிவிட்டது. இப்போது உற்றுப் பார்த்தால் மெல்லிய கோடு, அவ்வளவுதான். பாறையில் அந்த இடம் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. அஞ்சலை சொன்னது சரிதான்.

ஒவ்வொரு ஆடிக்கும் நாங்கள் போகிறோம். அண்ணன் இப்போது செங்கல் கொண்டுபோவதில்லை. வில்லியனூர் ஆற்றிலிருந்து ஒரு மூட்டை வண்டல் கொண்டுபோய்ப் புளியமரத்தடியில் கொட்டி, அதன்மேல் அடுப்புக் கூட்டுகிறார். "அவங்க மலை தான, அவங்களுக்கே திருப்பிக் குடுக்கறன்" என்பார். பாறை வெடித்த இடத்துக்கு ஊரில் மாமன் அடுப்பு என்று பெயர் விழுந்துவிட்டது. அதை யாராவது சொன்னால் மட்டும், காது கேட்காததுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன ஆடியில் பாதை ஓரத்தில் ஒரு பூக்காரி கடை போட்டிருந்தாள். வெளியூர்க்காரி, எங்களைத் தெரியாது. மேலே போகிறவர்களை எல்லாம் எச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"பாறை மேல அடுப்பு கிடுப்பு மூட்டிடாதீங்க சாமி. அந்தக் காலத்துல பொண்ணு வூட்டு மாமன் ஒருத்தரு தெரியாம மூட்டிட்டாராம். அம்மாவுக்குக் கோவம் வந்து பானைய ஒதச்சிட்டா. அப்புறம் கல்யாணப் பொண்ணு நெத்தியில மஞ்ச வெச்சதுக்கு அப்புறம் தான் அடங்குனா."

அண்ணன் நின்றுவிட்டார். "எந்தக் காலத்துலம்மா?" என்று கேட்டார்.

"எந்தக் காலமோ, ராஜா காலமா இருக்கும்."

அண்ணன் ஓர் அடி கிட்டே போனார். "அந்த மாமன் அப்புறம் இன்னா ஆனாரு?"

"இன்னா ஆனாரா? காலை எங்க வெக்கறதுன்னு தெரியாம தவிச்சிக்கினு இருந்தாராம். சரி, நீ இங்கியே இருந்துக்கோன்னு அம்மா மன்னிச்சி கல்லாக்கிட்டா. அதோ குந்திக்கினு இருக்காரு பாருங்க, மாமங்கல்லு."

அவள் காட்டிய இடத்தில், தொந்தியும் தொப்பையுமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்தப் பெயரில்லாத கல் இருந்தது.

கல்லையும் பார்த்தேன், அண்ணனையும் பார்த்தேன். அதே தோள், அதே தொந்தி. நாங்கள் எல்லோரும் ஆற்று மண்ணுக்குள் அடையாளம் இல்லாமல் போன பிறகும் என் அண்ணன் இங்கே உட்கார்ந்திருக்கப் போகிறார்.

அண்ணன் ரொம்ப நேரம் அந்தக் கல்லைப் பார்த்தார். தழும்பு விழுந்த முன்கையைத் தடவிக்கொண்டார். பிறகு பையிலிருந்து காசை எடுத்துப் பூக்காரியிடம் நீட்டினார்.

"சாமிக்கு ரெண்டு மொழம் குடும்மா" என்றார். "அந்தாளுக்கும் ஒரு மொழம் குடு."